அறைக்குள் ஓடும் விசிறி

“அப்பா, தண்ணி குடிச்சீங்களா?”

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் கேள்வி வந்ததும் சாப்பாட்டுத் தட்டை வைக்கக் குனிந்த கண்ணாடிக்காரர் நிமிர்ந்துவிட்டார். குரல் மகனுடையதுதான். லேசாக மூக்கடைத்தாற்போல, வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பாதியில் விழுங்கிவிடுகிற அதே குரல். ஆனால் மகன் அவரை அப்பா என்று கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. யோவ் என்பான். நல்ல மனநிலையில் இருந்தால் அதுகூடச் சொல்லாமல் உள்ளிருந்தே கதவை ஓர் உதை உதைப்பான். வைத்துவிட்டுப் போ என்று அர்த்தம்.

“ம்... குடிச்சேன்.”

“வெயில் ஜாஸ்திப்பா. உடம்பைப் பாத்துக்கோங்க.”

தட்டைத் தரையில் வைத்தார். வைத்தவர் திரும்பி நடக்காமல், கதவைப் பார்த்தபடியே பின்னால் அடியெடுத்து வைத்துச் சமையலறை வரை வந்து சேர்ந்தார். ஏன் அப்படி வந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

ஊருக்கெல்லாம் ஜன்னல் கண்ணாடியும் முகம் பார்க்கும் கண்ணாடியும் வெட்டிக் கொடுக்கிற கடை அவருடையது. விரல் நுனியெல்லாம் பழைய கீறல். ஒரே மகன், மகளுக்கு இளையவன், இருபத்தேழு வயது. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு அறைக்குள் போனவன் அப்புறம் சரியாக வெளியே வரவில்லை. உள்ளே ஒரு மேசை, மேசைக்கடியில் கல்லூரி சேர்ந்தபோது வாங்கிக் கொடுத்த கறுப்புக் கம்ப்யூட்டர் பெட்டி. அதில் பகலும் இரவும் விளையாட்டு. பெட்டிக்கு வயதாகிவிட்டது. விளையாட்டைத் திறந்தாலே அதன் விசிறி லாரி மேடேறுவதுபோல உறுமும், சுவர் அதிரும், நல்ல கட்டத்தில் திரை அப்படியே உறைந்து நிற்கும். உடனே வீடே அதிர்கிற மாதிரி ஒரு கத்தல்.

“என்கூட ஆடறவன்லாம் எங்கயோ போயிட்டான். நான் இந்த ஓட்டை டப்பாவை வச்சுக்கிட்டு மாரடிக்கிறேன். வக்கில்லாத ஆளுக்குப் பொறந்தா இதான்.”

மழைக்கு முந்தின புழுக்கத்தில் ஒரு நாள் அவர் வாய் தவறி, “அடுத்த மாசம் பாக்கலாம்டா” என்று சொல்லிவிட்டார். மகன் பிடித்துத் தள்ளினான். கதவு நிலையில் வாய் மோதி முன்பல் இரண்டும் போயின. அவர் உள்ளங்கையில் பல்லையும் ரத்தத்தையும் ஏந்திக்கொண்டு நின்றதைப் பார்த்து, “சீன் போடாத” என்றான். மனைவியிடம் குளியலறையில் வழுக்கிவிட்டதாகச் சொன்னார். மனைவி நம்பியதாகக் காட்டிக்கொண்டாள். பிறகு மகளின் பிரசவத்துக்கு அவள் வெளியூர் கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், “அவன்கிட்ட வாயே குடுக்காதீங்க” என்றாள்.

அவர் வாய் கொடுக்கவில்லை. அதுவாகத்தான் பேச ஆரம்பித்தது.

மறுநாள் காலையில் கதவுக்கு வெளியே இருந்த தட்டு கழுவி, துடைத்து, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அறைக்குள் குழாய் கிடையாது. தட்டை முகர்ந்து பார்த்தார். சோப்பு வாசனை இல்லை. மழை பெய்து ஓய்ந்த பிறகு இரும்புக் கம்பியிலிருந்து வருமே, அந்த வாசனை லேசாக இருந்தது. கழுவித்தானே வைத்திருக்கிறான் என்று அடுக்கில் வைத்துவிட்டார்.

சாயங்காலம், “முட்டி வலி எப்படிப்பா இருக்கு?” என்று கேட்டது.

இந்த வீட்டில் அவர் முட்டியைப் பற்றி யாரும் கேட்டதில்லை. “இருக்குப்பா... ஏணி ஏறினாத்தான்” என்றார். சொல்லிவிட்டு அந்தப் பதிலைத் தனக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார், ருசிப்பதுபோல.

அதற்கப்புறம் கடையைச் சீக்கிரம் அடைக்க ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும், மகனின் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிடுவார். கடையில் நடந்ததையெல்லாம் சொல்வார். புதுசாக வாங்கிய கண்ணாடியில் தான் குண்டாகத் தெரிவதாகச் சொல்லித் திருப்பிக் கொடுக்க வந்த அம்மாளைப் பற்றிச் சொன்னபோது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. நல்ல சிரிப்பு. ஆனால் அது எப்போதும் கொஞ்சம் தாமதமாக வந்தது, எந்த இடத்தில் சிரிக்கவேண்டும் என்று பக்கத்தில் யாரையோ கேட்டுத் தெரிந்துகொண்டு சிரிப்பதைப்போல.

இன்னொன்றும் அவர் காதில் படத்தான் செய்தது. விசிறிச் சத்தம் மாறியிருந்தது. முன்பெல்லாம் உறுமும், தணியும், மறுபடி எகிறும். இப்போது இரவும் பகலும் ஒரே சீராக, தாழ்வாக, ம்ம்ம் என்று ஓடிக்கொண்டே இருந்தது. அவ்வப்போது மட்டும் இறக்கையில் ஏதோ சிக்கியதுபோல ஒரு விக்கல், பிறகு மறுபடி அதே ம்ம்ம். விசைப்பலகை தட்டுகிற சத்தம் இல்லை. கத்தல் இல்லை. கதவுக்கடியில் விழும் திரையின் நீல வெளிச்சமும் இல்லை. இருட்டுக் கோடு மட்டும்.

மனைவி போனில் அழுதாள். அழுகையில் சந்தோஷம்தான்.

“எனக்குப் போன் பண்ணினான்ங்க அவன்! ‘அம்மா, நீங்க நேரத்துக்குத் தூங்குறீங்களா’ன்னு கேட்டான். நீங்கன்னு சொல்றான் என்னை. என்னைக்காவது சொல்லியிருக்கானா? என்னங்க பண்ணினீங்க அவனை?”

“நான் என்ன பண்ணேன். வயசாச்சுல்ல, புத்தி வந்திருக்கும்.”

“திருஷ்டி பட்டுடப் போகுது. யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க.”

மகனின் போன் திரை உடைந்து, செத்து, கூடத்து அலமாரியின் மேல் கிடந்தது. அவர் பேசிக்கொண்டிருந்த இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும். அவர் நீட்டவில்லை. “நீ உடம்பைப் பாத்துக்கோ” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தார், பையனுக்கு அந்தப் பெட்டியைச் சரிபண்ணிக் கொடுத்துவிடவேண்டும். பல் கட்டுவதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம் இருந்தது. இப்படி இருக்கிற பிள்ளைக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது?

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கம்ப்யூட்டர் கடையில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தாள் கடைக்காரப் பெண்.

“ஆபீஸ் வேலைக்கா, கேமுக்கா?”

“கேம்தாம்மா. பையனுக்கு. ரொம்பப் பழைய மெஷின்.”

“எல்லாத்தையும் மாத்துறதுன்னா புதுசே வாங்கிடலாம் சார். செலவு கைக்கு அடக்கமான்னா, மெஷினை எது பிடிச்சு இழுக்குதோ அதை மட்டும்தான் மாத்தணும். புது பிராசஸர் போட்டா போர்டும் மாத்தணும், அது உங்களுக்குக் கட்டாது. செகண்ட் ஹேண்ட்ல நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு இருக்கு. அதைப் போட்டாலே பையன் துள்ளுவான். ஆனா அது நிறையக் கரண்ட் இழுக்கும். உள்ள இருக்கற பவர் சப்ளை தாங்குமான்னு பாக்கணும். அதுமேல ஸ்டிக்கர் இருக்கும், எத்தனை வாட்னு பையனைப் படிச்சுச் சொல்லச் சொல்லுங்க.”

வீட்டுக்கு வந்து கதவோரம் உட்கார்ந்து கேட்டார்.

“எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்?” என்றது உள்ளிருந்து. “நீங்க பல்லைக் கட்டிக்கோங்க. சாப்பிடக் கஷ்டப்படுறீங்க.”

அவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நான் கிழவன், எனக்குப் பல்லு இருந்தா என்ன போனா என்ன. நீ அந்த ஸ்டிக்கரை மட்டும் படிச்சுச் சொல்லு.”

உள்ளே திருகாணி கழற்றும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அவர் எழுந்து முட்டியை நீவிக்கொள்வதற்குள் தாழ்ப்பாள் விலகி, கதவு ஒரு சாண் திறந்தது. இருட்டிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. அதில் வயர்கள் தொங்கும், ஸ்டிக்கர் ஒட்டிய ஓர் இரும்புப் பெட்டி.

“இந்தாங்கப்பா. அப்படியே எடுத்துட்டுப் போங்க.”

மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே நகம் கடிக்கிற பழக்கம். விரல் நுனியெல்லாம் பிய்ந்து சிவந்துதான் இருக்கும். இந்தக் கையில் நகங்கள் நீளமாக, ஒழுங்காக, பால் நிறத்தில் இருந்தன. மணிக்கட்டில் மச்சம் அதே இடத்தில்தான் இருந்தது. அவர் மச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பெட்டியை வாங்கினார். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசல் பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருவில் இறங்கினார். மழை வரப்போகிற வானம். மாவரைக்கும் கடையைத் தாண்டி, பள்ளிக்கூடச் சுவரைத் தாண்டி, சுவர் முடிகிற இடத்தில் அவர் கால் நின்றுவிட்டது.

கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி இந்தப் பையில் இருக்கிறது.

பூட்டும்போது விசிறிச் சத்தம் கேட்டது.

பின்னால் வந்த சைக்கிள்காரன் மணியடித்து, திட்டி, சுற்றிக்கொண்டு போனான். கண்ணாடிக்காரர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு, அதற்கென்று தனியாக ஒரு வயர் இருக்கும், நமக்கு என்ன தெரியும் என்று சொல்லிக்கொண்டு நடந்தார்.

கடைக்காரப் பெண் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். மூடியைத் திறந்து விளக்கை உள்ளே அடித்தாள்.

“இதுவா இப்ப மெஷின்ல இருந்துச்சு?”

“ஆமாம்மா.”

“சார், இது வெடிச்சு உள்ள எல்லாம் உருகிப்போயிருக்கு. அதுமேல தூசி படிஞ்சு, தூசி மேல பூஞ்சையே பூத்திருக்கு. மழை தொடங்கினதுல இருந்து இதுல மெஷின் ஓடியிருக்க வாய்ப்பே இல்ல.”

“ஓடுதும்மா. விசிறி சத்தம் கேக்குதே. காலையிலகூட...”

அவள் நெற்றி விளக்கை அணைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். “வேற ஏதாவது சத்தமா இருக்கும் சார். வேணும்னா நம்ம ஆளை அனுப்புறேன். வந்து பாத்து மாட்டிக் குடுத்துடுவான்.”

“வேண்டாம்” என்றார். சொன்ன வேகத்தில் அவருக்கே திடுக்கென்றது. “எப்படி மாட்டணும்னு நீயே சொல்லிக் குடும்மா. நான் மாட்டிக்கறேன்.”

மெமரியும் கூடுதலாகப் போட்டால் நன்றாக இருக்கும் என்றாள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்குப் புது பவர் சப்ளையும் அந்த செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டும் போதும் என்று முடிவானது. எந்த வயர் எங்கே என்று காட்டிக் கொடுத்தாள். கவனமாகக் கேட்டுக்கொண்டார். திரும்பும் வழியில் பேருந்து நிறுத்தத்தில், எந்தப் பேருந்திலும் ஏறாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மடியில் அட்டைப் பெட்டிகள். எதிரே போலீஸ் சாவடி. அக்கம்பக்கத்தில் கூப்பிட்டால் நாலு பேர் வருவார்கள்; தோளால் இரண்டு இடி இடித்தால் கதவு திறந்துவிடும். திறந்தால் உள்ளே எவன் இருப்பான்? யோவ் என்கிறவனா?

அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் பிடிக்கவில்லை.

மழை வலுத்தபோது வீட்டுக்கு வந்தார்.

நடுப்பகல். ஆனால் கூடம் விளக்கு வைக்கும் நேரம்போல மங்கிக் கிடந்தது. ஓட்டின் மேல் மழை இரைந்தது, தகரத் தாழ்வாரத்தில் பறையடித்தது. அந்த இரைச்சலுக்கெல்லாம் அடியில், தரையிலிருந்தே எழுவதுபோல, பாதத்தின் வழியாக முழங்காலுக்கு ஏறுவதுபோல, அந்தச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. ம்ம்ம். ஒரு விக்கல். ம்ம்ம்.

“வந்துட்டீங்களாப்பா. நனைஞ்சுட்டீங்களா?”

“இல்ல... குடை இருந்துச்சு.”

“உள்ள வாங்க.”

கதவு திறந்திருந்தது.

முதலில் வாசனை. ஈர இரும்பு, பழைய வியர்வை, கருகிய முடி. ஜன்னலில் போர்வை தொங்கியது. திரை கறுத்துக் கிடந்தது. அதன் முன்னால் நாற்காலியில், கதவுக்கு முதுகைக் காட்டியபடி, காதில் மாட்டிய ஹெட்போனோடு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. மகன் எப்போதும் கூன் போட்டுத்தான் உட்காருவான்.

“திரும்ப வேண்டாம்பா” என்றார் அவர். “நான் மாட்டிட்டுப் போயிடறேன்.”

“சரிப்பா.”

திரும்பவில்லை.

முட்டி நொறுங்க மேசைக்கடியில் குனிந்தார். கறுப்புப் பெட்டி. கையை வைத்தார். சூடு. இயந்திரச் சூடு இல்லை. காய்ச்சல்காரன் நெற்றியில் கை வைத்தால் இருக்குமே, அது. உள்ளங்கைக்குக் கீழே தகடு உப்பியது, தாழ்ந்தது. உப்பியது.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொள்ளப் பார்த்தார். பல் இல்லை. உதட்டால் கவ்வினார். திருப்புளியால் திருகாணி ஒன்று. இன்னொன்று. பக்கத் தகடு கழன்று கையோடு வந்தது.

டார்ச் வாயிலிருந்து விழுந்தது. உருண்டு, உள்நோக்கி ஒளி காட்டி நின்றது.

வயர்கள் இல்லை. போர்டு இல்லை. கடைக்காரப் பெண் சொல்லிக் கொடுத்த எதுவும் இல்லை. தோல் இருந்தது. மடித்த சட்டையைப் பெட்டியில் அடுக்குவதுபோல மூலைக்கு மூலை சரியாக மடித்து, கால் எது கை எது என்று தெரியாமல், இடைவெளி இல்லாமல், அவர் மகன் அந்தப் பெட்டிக்குள் அடுக்கப்பட்டிருந்தான். முகம் மட்டும் வெளிப்பக்கம் பார்த்து இருந்தது. கன்னம் இரும்புச் சட்டத்தில் நசுங்கியிருந்தது. கண் திறந்திருந்தது. வெளிச்சம் பட்டதும் சுருங்கியது.

சத்தம் அவன் மூக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. ம்ம்ம்.

கண் அவரைக் கண்டுபிடித்தது. உதடு பிரிந்தது.

“யோவ்.” காற்றுதான் வந்தது, குரல் இல்லை. “என்னய்யா பாத்துட்டு நிக்கிற. இழு.”

அவர் அசையவில்லை. கதவு நிலையில் மோதிய வாய் வலித்தது. ஆறிய ஈறு, புதுசாய் வலித்தது.

“இழுய்யா.” கண்ணிலிருந்து நீர் பக்கவாட்டில் வழிந்து இரும்பில் இறங்கியது. “அப்பா. வலிக்குதுப்பா. அப்பா.”

“அப்பா” என்றது மேலே, நாற்காலியில். அமைதியாக. “தரை ஈரமா இருக்கு. ரொம்ப நேரம் முட்டி போடாதீங்க.”

மழை இரைந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு குரலும் ஒரே குரல். ஒன்று வலியில் கூப்பிடுகிறது. வலி நின்றதும் அது என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும். இருபத்தேழு வருஷமாய்த் தெரியும்.

கையில் தகடு இருந்தது.

“வேண்டாம்பா. அப்பா. இனிமே நான்...”

கண்ணாடியைச் சட்டத்துக்குள் இறக்குகிற பழகிய கை அது. விளிம்பை விளிம்போடு பொருத்தி, உள்ளங்கையால் சமமாக அழுத்தினார். உள்ளே எதுவோ மெதுவாக முறிந்தது. முதல் திருகாணி. இரண்டாவது. இறுக்கும்போது அவர் அழுதுகொண்டிருந்தார், ஆனால் கை நடுங்கவில்லை.

நாற்காலி கிறீச்சிட்டது. அது எழுந்து அவர் பக்கத்தில், ஈரத் தரையில், குழந்தைபோலக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டது. தலையை அவர் தோளில் சாய்த்தது. கனம். மனிதத் தலையின் கனத்தைவிட அதிகம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முடியில் கை வைத்தார். கோதிக் கொடுத்தார். அது கொஞ்சம் தாமதமாகச் சிரித்தது.

காற்றுப் போவதற்காகத் தகட்டில் விட்டிருந்த துளைகள் வழியாக விரல் நுனிகள் வெளியே வந்தன. பிய்ந்த, சிவந்த, கடித்த நகங்கள். இரும்பைத் தடவித் தடவி, திருகாணியைத் தேடின.

“அங்க பாக்காதீங்கப்பா” என்றது தோளில்.

“பாக்கலைப்பா” என்றார் கண்ணாடிக்காரர். திருப்புளியின் கைப்பிடியால், குழந்தையைத் தூங்கவைக்கத் தட்டுவதுபோல மிக மெதுவாகத் தட்டி, ஒவ்வொரு விரலாக உள்ளே தள்ளினார்.